முன்பக்கம் ‘கடக் கடக்’: பழைய மாருதி 800-இல் ஆட்டம் எங்கே என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்

என்னிடம் இருப்பது 1997 மாடல் மாருதி 800. வாங்கிய முதல் வாரமே ஒவ்வொரு வேகத்தடையிலும் இடது முன்பக்கத்தில் ‘கடக்’ என்று ஒரு சத்தம். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தவர், “சாக் அப்சார்பர் போச்சு சார்” என்றார். இரண்டு பக்கமும் மாற்றினோம். சத்தம் அப்படியே இருந்தது. அடுத்து டை ராட் எண்ட், அதாவது சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் நுனி இணைப்பு. அதற்கும் மசியவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பாயை விரித்து அடியில் படுத்துப் பார்த்தபோது, இரு முன் சக்கரங்களின் ஆர்ம்களையும் இணைக்கும் ஸ்டேபிலைசர் பார் என்ற கம்பியின் நுனியில் இருக்கும் ரப்பர் வளையம், அதாவது புஷ், தேய்ந்து, கம்பி தன் ஓட்டைக்குள் தாராளமாக உலாவிக்கொண்டிருந்தது. அதன் விலை சில நூறு ரூபாய். அதற்கு முன் செலவழித்ததை இங்கே எழுதினால் வீட்டில் படித்துவிடுவார்கள்.

சத்தத்தைக் கேட்டு பாகம் வாங்கக் கூடாது என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். இரும்பு வழியாகச் சத்தம் எங்கெங்கோ பயணம் செய்யும். இடது பக்கக் கோளாறு வலது காலடியில் கேட்கும். ஒருவர் அசைக்க, இன்னொருவர் சந்தேகப்படும் இணைப்பின் மேல் கை வைத்துப் பார்த்தால் அது பொய் சொல்ல வழியே இல்லை. கீழே சொல்லியிருப்பது எல்லாமே இந்த ஒரு வேலையைப் பல கோணங்களில் செய்வதுதான்.

1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரி வரை தயாரிப்பில் இருந்த வண்டி என்பதால் மாருதி 800-க்குப் பாகங்கள் கிடைப்பதில் சிரமம் இல்லை. பவர் ஸ்டியரிங் இல்லை, எடை குறைவு, இடைஞ்சல் குறைவு. புதிதாகக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வண்டி எனக்குத் தெரியவில்லை.

முன்பக்கத்தில் என்னென்ன இருக்கிறது

சக்கரத்தைத் தாங்கும் வார்ப்பிரும்புத் துண்டுக்கு நக்கிள் என்று பெயர். அதன் மேற்பகுதியைப் பிடித்துக்கொள்வது ஸ்ட்ரட். சாக் அப்சார்பரும் சுருள் ஸ்பிரிங்கும் சேர்ந்த அந்தத் தூண், பானெட்டுக்குள் தெரியும் மேல் மவுண்ட் வரை போகும். நக்கிளின் அடிப்பகுதியைப் பிடிப்பது லோயர் ஆர்ம். ஆர்மின் வெளி நுனியில், எல்லாப் பக்கமும் திரும்பும் உருண்டை இணைப்பான பால் ஜாயின்ட். உள் நுனியில் ரப்பர் புஷ்ஷும் ஒரு போல்ட்டும். ஸ்டியரிங்கின் சுழற்சியை இடவல நகர்வாக மாற்றுவது ஸ்டியரிங் ராக். சக்கரத்தைத் திருப்புவது அதிலிருந்து வரும் டை ராட். அதன் வெளி நுனி டை ராட் எண்ட். உள் நுனி, ரப்பர் உறைக்குள் ஒளிந்திருக்கும் ராக் எண்ட்.

இந்த வண்டியில் கவனிக்க வேண்டிய சங்கதி ஸ்டேபிலைசர் பார். வேறு பல கார்களில் வளைவில் வண்டி சாயாமல் பார்த்துக்கொள்வதோடு அதன் வேலை முடிந்துவிடும். மாருதி 800-இல் லோயர் ஆர்ம் உள்பக்கம் ஒரே போல்ட்டில்தான் தொங்குகிறது. அதை வைத்து சக்கரம் முன்னும் பின்னும் போகாமல் தடுக்க முடியாது. அந்த வேலையையும் ஸ்டேபிலைசர் பார்தான் செய்கிறது: அதன் நுனி ஆர்முக்குள் நுழைந்து, இருபக்கமும் புஷ் வைத்து நட்டால் முடுக்கப்பட்டிருக்கும். அந்த புஷ் தேய்ந்தால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் நகரும். விட்டால் முன்னால் வரும். ஒவ்வொரு முறையும் ஒரு ‘கடக்’.

முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள்

சிரிக்காதீர்கள். ஜாக்கி, வீல் ஸ்பானர், ஸ்டெப்னி, கதவுப் பையில் கிடக்கும் தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வையுங்கள். பானெட்டைத் திறந்து பேட்டரி ஆடுகிறதா என்று கையால் தள்ளிப் பாருங்கள். பேட்டரி கிளாம்ப் இல்லாத பழைய வண்டிகள் ஏராளம். பிறகு நான்கு டயர்களிலும் காற்று சரிபார்த்து, வீல் நட்டுகளை முடுக்குங்கள். என் நண்பன் இரண்டு நாள் தேடிய சத்தம் கடைசியில் லூஸான வீல் நட்.

அப்புறம் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, எப்போது சத்தம் வருகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கிருந்து என்பது இப்போது வேண்டாம். பிரேக் பிடித்தவுடன் ஒரே ஒரு அடி என்றால் ஸ்டேபிலைசர் புஷ் அல்லது லோயர் ஆர்ம் புஷ் பக்கம் சந்தேகம் வையுங்கள். சிறுசிறு குழிகளில் வரிசையாக ‘டக டக’ என்றால் பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், ஸ்ட்ரட் மேல் மவுண்ட் மூன்றையும் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கி விடுபடுவது போல ‘டொய்ங்’ என்றால் மேல் மவுண்ட்தான் பெரும்பாலும். வேகத்தோடு கூடும் ‘உம்ம்’ என்ற ரீங்காரம், வளைவில் ஏறி இறங்கினால் வீல் பேரிங். முழுக்கத் திருப்பி நகரும்போது ‘டிக் டிக் டிக்’ என்றால் அது டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட், அதாவது இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுவரும் தண்டின் இணைப்பு. சஸ்பென்ஷனில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

இந்தத் தாள் எங்கே முதலில் பார்ப்பது என்று மட்டும் சொல்லும். தீர்ப்பு எழுதாது.

தரையில் நிற்கும்போதே செய்ய வேண்டியவை

பலரும் நேராக ஜாக்கியை எடுப்பார்கள். பொறுங்கள். சில ஆட்டங்கள் பாரம் இருக்கும்போதுதான் தெரியும்.

டயரின் மேல் உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியே, பிறகு வெளியிருந்து உள்ளே தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பம் போலவும் இருந்தால் சக்கரங்களின் நேர்க்கோடு தவறியிருக்கிறது. அதற்கு அலைன்மென்ட் மட்டும் காரணமாக இருக்கலாம். ஆடும் டை ராட் எண்டும் காரணமாக இருக்கலாம். ஆட்டம் இருக்கும் வண்டிக்கு அலைன்மென்ட் செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. கூட ஒரு ஆள் தேவை. இன்ஜின் அணைந்திருக்கட்டும், சாவி ஆன் செய்து ஸ்டியரிங் லாக் விடுபட்டிருக்கட்டும். அவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிதாக, இரண்டு விரல் அகலத்துக்கு, விட்டு விட்டு ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சக்கரம் திரும்பும் அளவுக்குப் போகக் கூடாது. நீங்கள் முன் டயருக்குப் பின்னால் கையை நீட்டி டை ராட் எண்டைப் பிடியுங்கள்: கட்டைவிரல் நக்கிள் மேல், ஆள்காட்டி விரல் டை ராட் மேல். இரண்டும் சேர்ந்து நகர வேண்டும். ஒன்று நகர்ந்த பிறகு மற்றது தாமதமாகக் கிளம்பினால், அந்த இடைவெளியைத் தோல் உணரும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டத்தைக்கூட விரல் பிடித்துவிடும்.

அதே ஆட்டல் நடக்கும்போது ராக்கின் ரப்பர் உறையைப் பிசைந்து உள்ளே இருக்கும் ராக் எண்டைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே ‘டக்’ என்று தட்டினால் அது போய்விட்டது. பிறகு ராக் வண்டியோடு பிணைக்கப்பட்டிருக்கும் கிளாம்ப். அது தளர்ந்திருந்தால், டார்ச் அடிக்கும்போது ராக்கே பக்கவாட்டில் நகர்வது தெரியும். அடுத்து ஸ்டியரிங் கம்பி ராக்கோடு சேரும் ஜாயின்ட். இங்கே எல்லாம் சரியாக இருந்தும் ஸ்டியரிங் விளிம்பில் 30 மில்லிமீட்டருக்கு மேல் சக்கரம் திரும்பாமல் வெறுமனே ஆடினால், ராக்கின் உள்ளேயே தேய்மானம் என்று எடுத்துக்கொள்ளலாம். அதை வீட்டில் தொடாதீர்கள்.

பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட் மீது உள்ளங்கையை வையுங்கள். உதவியாளர் இப்போது ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகத் திருப்பட்டும். ஒரே சீராகச் சுற்றினால் நல்லது. பிடித்துக்கொண்டு, பிறகு துள்ளி விடுபட்டால் மவுண்டின் பேரிங் இறுகிவிட்டது. அதன் பிறகு பம்பருக்கு மேலே அழுத்திவிட்டுப் பாருங்கள். மேல் நட் ரப்பரை விட்டு எழும்பித் தட்டுகிறதா?

கடைசியாகப் பிரேக் சோதனை. காலியான சமதளத்தில் நடைவேகத்தில் போய் பிரேக்கை அழுத்துங்கள். பின்னால் எடுத்து மறுபடி அழுத்துங்கள். பக்கவாட்டில் குனிந்து நிற்கும் நண்பர், சக்கரம் மட்கார்டு வளைவுக்குள் முன்னும் பின்னும் நகர்கிறதா என்று பார்க்கட்டும். வண்டிக்கு நேர் முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

தூக்குவதற்கு முன்

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்களான ஜாக்கி ஸ்டாண்ட் இரண்டு வாங்குங்கள். இந்த வேலைக்கு நீங்கள் செலவு செய்ய வேண்டிய முதல் பணம் அதுதான். செங்கல், ஹாலோ பிளாக் அடுக்குவது வேண்டவே வேண்டாம். அவை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நொறுங்கும்.

சிமென்ட் தரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். இது முன் சக்கரங்களை இழுக்கும் வண்டி. முன்பக்கம் மேலே போய்விட்டால் கியரில் போட்டு வைப்பதால் பயனில்லை. ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களில் வேலை செய்வதால் அதை இழுத்து விடுங்கள், கட்டையும் இருக்கட்டும். ஜாக்கி வைக்கும் இடத்தை முதலில் ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். ‘ணங்’ என்றால் இரும்பு. ‘பொத்’ என்றால் பெயின்ட் மட்டும்தான் மிச்சம். பழைய 800-களில் கதவுக்கு அடியில் இருக்கும் அந்த விளிம்பு துருப்பிடித்து, ஜாக்கி உள்ளே புகுந்துவிடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு பக்கம் தூக்கி ஸ்டாண்ட் வைத்து, பிறகு மறுபக்கம். இரண்டு முன் சக்கரங்களும் தரையை விட்டு எழ வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் ஸ்டேபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு, தொங்கும் பக்கத்து ஆர்மை இழுத்துப் பிடித்துவிடும். லூஸான பால் ஜாயின்ட்கூட இறுக்கமாக இருப்பது போல நடிக்கும். இரண்டும் ஒரே அளவு தொங்கினால் அந்த நாடகம் நடக்காது. ஸ்டாண்டில் இறக்கிய பிறகு வண்டியைப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். அடியில் போகும் முன் அது அசைகிறதா என்று தெரிந்துகொள்வது நல்லது. வெளியே எடுத்த ஸ்டெப்னியை, பாதுகாப்புக்காக, வண்டியின் கதவு விளிம்புக்கு அடியில் தள்ளி வையுங்கள்.

சக்கரத்தைப் பிடித்து ஆட்டுதல்

கடிகாரத்தின் 12 மணி, 6 மணி இடங்களில் டயரைப் பிடித்து மேல் கையால் உள்ளே தள்ளி, கீழ்க் கையால் வெளியே இழுங்கள். ஆட்டம் தெரிந்தால் உடனே பேரிங் என்று முடிவு கட்ட வேண்டாம். உதவியாளரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்தால் சக்கரமும் நக்கிளும் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. அப்போது ஆட்டம் காணாமல் போனால் அது பேரிங்கில் இருந்தது. பிரேக் பிடித்தும் ஆடினால் நக்கிளுக்கு வெளியே தேட வேண்டும்: கீழே பால் ஜாயின்ட் அல்லது ஆர்ம் புஷ், மேலே ஸ்ட்ரட்.

வீல் பேரிங்குக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. கியரை நியூட்ரலில் போட்டு, ஸ்பிரிங்கின் மேல் ஒரு கையை லேசாக வைத்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். விரல்களைச் சுருள்களுக்கு நடுவே விட வேண்டாம். பேரிங் கெட்டிருந்தால் மாவு அரைப்பது போன்ற கரகரப்பு ஸ்பிரிங் வழியாகக் கைக்கு வரும்.

வெளியே தேட வேண்டியிருந்தால் இடம் மாறிக்கொள்ளுங்கள். உதவியாளர் ஆட்டட்டும், நீங்கள் டார்ச்சோடு உள்ளே பாருங்கள். பால் ஜாயின்ட் போயிருந்தால் நக்கிளின் அடிப்பகுதி உள்ளும் வெளியுமாக நகரும். ஆர்ம் நகராமல் நிற்கும். நகரும் இரும்புக்கும் நகராத இரும்புக்கும் நடுவில் இருப்பதுதான் குற்றவாளி. சந்தேகமாக இருந்தால் இரண்டின் மேலும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். ஆட்டும்போது கோடு உடைந்து உடைந்து சேர்ந்தால் முடிந்தது வேலை.

இதே பார்வையோடு ஸ்ட்ரட் நக்கிளோடு சேரும் இரண்டு போல்ட்டுகளையும் பாருங்கள். அங்கே காவி நிறத் தூள் வழிந்திருந்தாலோ, வாஷர் ஓரம் இரும்பு பளபளத்தாலோ அந்த இணைப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது. ஸ்ட்ரட்டின் தண்டு தன் குழாயின் வாயில் பக்கவாட்டில் ஆடினால், எண்ணெய் கசியாவிட்டாலும் அந்த ஸ்ட்ரட் முடிந்த கதை.

3 மணி, 9 மணி இடங்களில் பிடித்து ஆட்டினால் எதிர்ப்பக்கச் சக்கரமும் சேர்ந்து திரும்பும், அது இயல்பு. உதவியாளர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்ட பிறகும் ‘டக் டக்’ என்று வருவதுதான் டை ராட் எண்ட் அல்லது ராக் எண்ட். வண்டி தரையில் நின்றபோது விரல் வைத்துப் பார்த்ததை இது உறுதி செய்யும்.

கடப்பாரையும் ரப்பரும்

இரண்டடி நீளமுள்ள கம்பி போதும். லோயர் ஆர்மின் உள் போல்ட் அருகே முனையைக் கொடுத்து மெதுவாக நெம்புங்கள். ஸ்டேபிலைசர் பார் ஆர்முக்குள் நுழையும் இடத்தில் முன்னும் பின்னும் நெம்புங்கள். பார் வண்டியோடு பிணைக்கப்பட்டிருக்கும் முன்பக்கக் கிளாம்ப்புகளையும் விட வேண்டாம்.

புதியவர்கள் சறுக்குவது இந்த இடத்தில். ரப்பர் புஷ் என்பது வளைவதற்காகவே வைத்த பொருள். கடப்பாரையால் நெம்பினால் நல்ல புஷ்ஷும் அசையும். பார்க்க வேண்டியது எப்படி அசைகிறது என்பதை. அழுத்த அழுத்த எதிர்ப்புக் கூடி, விட்டதும் மெதுவாகப் பழைய இடத்துக்கு வந்தால் அது உயிரோடு இருக்கிறது. எதிர்ப்பே இல்லாமல் நகர்ந்து இரும்பில் போய் ‘டங்’ என்று மோதினால், அல்லது ரப்பர் பிய்ந்து ஓரத்தில் பிதுங்கிக்கொண்டிருந்தால், மாற்றிவிடுங்கள். மேலே தெரியும் சிறு வெடிப்புகளுக்காக மாற்ற வேண்டியதில்லை. பால் ஜாயின்ட்டிலும் டை ராட் எண்டிலும் இந்தச் சலுகை கிடையாது. கைக்குத் தெரியும் ஆட்டம் இருந்தாலே மாற்ற வேண்டியதுதான். அவற்றின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் இன்று ஆடாவிட்டாலும் மண் புகுந்து சீக்கிரமே ஆடும்.

சில வண்டிகளில் எல்லா புஷ்ஷும் நன்றாக இருக்கும், சத்தமும் இருக்கும். அப்போது லோயர் ஆர்மும் ஸ்டேபிலைசர் கிளாம்ப்பும் பிணைந்திருக்கும் தகட்டைக் கம்பி பிரஷால் தேய்த்துப் பாருங்கள். கடலோர ஊர்களில் ஓடிய வண்டியில் போல்ட்டோடு சேர்ந்து தகடே அசைவதுண்டு. அதற்கு வெல்டர்தான் வர வேண்டும். புஷ் கடையில் மருந்து இல்லை.

வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்

ஸ்ட்ரட் வண்டியில் உடலின் எடை ஸ்பிரிங் வழியாக மேல் மவுண்டில் இறங்குகிறது. அதனால் உடலைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு பால் ஜாயின்ட்டைச் சோதிக்கலாம். ஸ்பிரிங் நேராகக் கீழ் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கும் இரட்டை ஆர்ம் வண்டிகளில் இது செல்லாது. சக்கரத்தைத் தொங்கவிட்டால் ஸ்பிரிங்கே கீழ் ஆர்மை அழுத்தி ஆட்டத்தை மறைத்துவிடும். அங்கே ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில், பால் ஜாயின்ட்டுக்குப் பக்கத்தில் கொடுத்துத் தூக்கித்தான் ஆட்டிப் பார்க்க வேண்டும்.

கண்டுபிடித்த பிறகு

பால் ஜாயின்ட் அல்லது டை ராட் எண்டில் தெளிவான ஆட்டம் இருந்தால் அந்த வண்டியைக் கடைக்குக்கூட ஓட்டிப் போகாதீர்கள். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும்; டை ராட் எண்ட் கழன்றால் ஒரு சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும். புஷ் என்றால் மெதுவாக ஓட்டிச் சமாளிக்கலாம், ஆனால் ஸ்டேபிலைசர் புஷ்ஷைத் தள்ளிப்போட வேண்டாம்.

மாற்றும் வேலை தனிக் கட்டுரைக்கு உரியது. மூன்று விஷயம் மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். டை ராட் எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளியே வந்தது என்று எண்ணி, புதியதை அத்தனை சுற்று உள்ளே ஏற்றுங்கள். அலைன்மென்ட் கடை வரை ஓட்ட அது போதும். நட் கழலாமல் குறுக்கே செருகும் ஸ்பிளிட் பின்னைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. நட்டின் பள்ளம் ஓட்டைக்கு நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் முடுக்க வேண்டுமே தவிர, தளர்த்தக் கூடாது. லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது முழுக்க முடுக்காதீர்கள். வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு முறை அமுக்கிவிட்டு, அதன் பிறகு கடைசி முடுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் எந்நேரமும் முறுக்கிய நிலையிலேயே இருந்து, புதிய புஷ் சில மாதங்களில் கிழிந்துவிடும்.

முடுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும், அது உட்கார்ந்திருக்கும் இரும்பின் மேலும் சேர்த்து வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து விடுங்கள். ஒரு 200 கிலோமீட்டர் ஓடியதும் டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு முறிந்திருக்கும் நட்டை மட்டும் மறுபடி முடுக்கினால் போதும்.